ஏ எடுத்த பிள்ளைகளுக்கு நான் செய்தது

சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். இரண்டும் எழுத்துத்தான், பேச்சுக்குப் புள்ளி இல்லை. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூஷன் நடத்தும் நான் அந்த இரண்டு வினாத்தாள்களை மட்டுமே கற்பித்தேன். கடிதத்தையும் கட்டுரையையும் நானே எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தேன். ஏ வந்தது. அந்தப் பெறுபேறுகளை நோட்டீஸில் அடித்து அடுத்த ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்தேன். ஏ எடுத்த ஒருத்தி வேலைக்கான நேர்முகத் தேர்வில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரையையே ஒப்புவித்தாள். நடுவில் ஒரு கேள்வி வந்ததும் நின்றுபோனாள். கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கத்தை என் வகுப்பு அவளுக்கு ஒருநாளும் தரவில்லை.

இதைவிடப் பெரிய பிழை சிங்கள விஷயத்தில் நடந்தது.

வெள்ளவத்தைப் பெற்றோரில் பலர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். "பிள்ளை எப்பிடியும் வெளிநாடு போயிடும் மிஸ், சிங்களம் என்னத்துக்கு?" என்பார்கள். நானும் ஓம் என்றேன். என் வகுப்பு நிரம்பியது. ஆனால் வருமானம் மட்டும் காரணமில்லை. என் அப்பா அரசாங்க எழுதுவினைஞர். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தவர். அதே பரீட்சையை எழுதாததால் 1962இல் நிறுத்தப்பட்ட சம்பள உயர்வுக்காக வழக்குப் போட்ட செல்லையா கோடீஸ்வரனின் பெயரை எங்கள் வீட்டில் மரியாதையோடுதான் சொல்வோம். 1983 ஜூலையில் காலி வீதித் தமிழர் கடைகள் எரிந்ததைச் சிறுமியாகப் பார்த்தேன். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியபோதும் இங்கேதான் இருந்தேன். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என் பயம் அதனால் போகவில்லை. அப்பாவின் மறுப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையை அவரே கொடுத்தார். சிங்களம் வேண்டாம் என்ற என் மறுப்புக்கு விலை கொடுத்தவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் நிலை வேறு. ஒழுங்கையிலும் கடையிலும் பழகிச் சரளமாகச் சிங்களம் பேசுவார்கள்; எழுத்துத்தான் தெரியாது. கையில் பாதி மொழியோடு வந்த அவர்களை, "இங்க சிங்களம் கதைக்காதேங்கோ" என்று நான் அடக்கினேன். அதைத் திறமையாக நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. மீதிப் பாதியை வாசிக்கவும் எழுதவும் கற்பிக்க ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருந்தாலே அவர்களுக்கு எத்தனையோ வேலைகள் கிடைத்திருக்கும்.

என்னிடம் படித்து ஏ எடுத்த ஒரு பையன் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனான். சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள். வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்தான். விலாசம் பிழையாக எழுதப்பட்டிருந்தது. புதிய அட்டை இழுபட்டது, அட்டை இல்லாததால் கிடைத்த வேலையிலும் சேர முடியவில்லை. "எனக்கு அதை வாசிக்கத் தெரியாது மிஸ்" என்று அவன் சொன்னபோது அவன் குரலில் என்மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அப்படிக் கேட்கலாம் என்பதைக்கூட நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. உரிமையைக் கேட்கவும் வாய் வேண்டும். வாய் திறக்காத வகுப்பைத்தானே நான் நடத்தினேன்.

இப்போது சனிக்கிழமைகளில் ஒரு சிங்கள ஆசிரியை வருகிறார். பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகரிடம் வாங்கும் அத்தாட்சி, ஆஸ்பத்திரித் துண்டு என்று பிள்ளைகள் மூன்று மொழியிலும் பேசியும் நிரப்பியும் பழகுகிறார்கள். சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். வகுப்பின் வருமானமும் குறைந்துவிட்டது. முன்பு படித்தவர்களுக்கும் காசு வாங்காமல் இடம் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சிலர் வருகிறார்கள். அந்தப் பையன் இன்னும் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் அவனுடைய அம்மாவிடம் இதையெல்லாம் நான் நேரில் சொல்ல வேண்டும்.