மவுஸ் நிற்கிற இடமெல்லாம் மழை இல்லை பாஸ்!

கம்ப்யூட்டரில் ஒரு கிராஃபைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வீங்க? உச்சியில் இருக்கும் புள்ளி மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்துவீங்க. உடனே குட்டிப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்து, தேதியும் அளவும் சொல்லும். அதுக்குப் பேர் டூல்டிப். இந்த செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பில் எனக்குக் கிடைத்த வேலையே அதுதான். 'இவ்வளவுதானா?'னு சிரிக்காதீங்க!

எங்க ஊர் கோவில்பட்டி. கரிசல் பூமி, மானாவாரி வெள்ளாமை. பருத்தி, உளுந்து, கம்பு எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். காய்ந்த மண்ணில் முன்கூட்டியே விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. இங்கே மழையை 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்றுதான் பேசுவார்கள். எந்த நாள், எவ்வளவு... இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் கணக்கு.

நான் செய்வது, 30 வருட தினசரி மழையைக் காட்டும் புரோகிராம். மொழி பைத்தான், கிராஃபுக்கு மேட்பிளாட்லிப். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக எழுத ஆரம்பித்து, 2003-ல் வெளியிட்டது. மவுஸ் அசையும்போதெல்லாம் அது ஒரு தகவல் தரும். திரையில் எத்தனையாவது பிக்ஸல், கிராஃபில் அந்த இடத்துக்கு என்ன மதிப்பு, இரண்டும் அதில் இருக்கும்.

அந்த மதிப்பை அப்படியே பெட்டியில் போட்டால் போச்சு! திங்கட்கிழமை 40 மி.மீ. மழை, செவ்வாய் சுத்தமா இல்லைனு வெச்சுக்குங்க. இரண்டு புள்ளிக்கும் நடுவே ஓடும் கோட்டில் மவுஸை வைத்தால் '20 மி.மீ.' என்று வரும். அப்படி ஒரு மழை பெய்யவே இல்லையே!

அதனால், மவுஸுக்குப் பக்கத்தில் இருக்கும் நிஜப் புள்ளியைத் தேடணும். அந்தத் தூரத்தை பிக்ஸலில்தான் அளக்கணும். நாளையும் மில்லிமீட்டரையும் கூட்டினால் படியையும் முழத்தையும் கூட்டின கதைதான். 10 பிக்ஸலுக்குள் புள்ளி எதுவும் இல்லையா? பெட்டி வாயே திறக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல். 30 வருஷம்னா கிட்டத்தட்ட 11,000 நாள். கிராஃபின் அகலம் 1,000 பிக்ஸல். ஒரு பிக்ஸலுக்குள் 11 நாள் நெருக்கியடித்து நிற்கும்! எந்த நாளைச் சொல்றது? அதனால் முதலில் வருட மொத்தம் மட்டும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் நாள் கணக்கு.

2023 டிசம்பர் பெருமழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கோவில்பட்டியிலும் அதில் பாதிக்கு மேல். ஸ்கிரீனில் அந்தப் புள்ளியைக் காட்டினதும் தாத்தா கேட்டார்: "ஏய்யா, ஞாயித்துக்கெழமைல்லா கொட்டுச்சு... நீ பதினெட்டுங்க?"

ஞாயிறு 17-ம் தேதி. தாத்தா சொன்னதும் சரி, புள்ளியும் சரி. காலை 8.30-க்கு அளந்து, அதுக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளந்த தேதியில் எழுதுவதுதான் வானிலைத் துறை வழக்கம். அதனால் பெட்டியில் ஒரு வரி சேர்த்தேன்: 'டிசம்பர் 18, காலை 8.30 வரை'. இப்போ தாத்தாவுக்கும் கணக்கு இடிக்கலை.

ஃபைனல் இயர் புராஜெக்டில் கிராஃப் போடப்போறீங்களா? மவுஸை இரண்டு புள்ளிக்கு நடுவே நிறுத்திப் பாருங்க. உங்க பெட்டி என்ன சொல்லுது?