அடிக்கறுப்பு

கூலிங் கிளாஸ் ஃபிரேமைக் குரோம்போலப் பளபளக்க வைப்பவர் ஒருவர் வியாசர்பாடியில் இருக்கிறார் என்று சொன்னவர், புதுப்பேட்டையில் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் நண்பர். அவரே என்னை அழைத்துப்போனார். மாடிப்படிக்கு அடியில் இருந்த சிறிய அறைதான் பட்டறை. தூசி எழும்பாமலிருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தார் மாஸ்டர்.

குரோம் என்றதும் நமக்கு முலாம்தான் நினைவுக்கு வரும். அவரும் சிறு வயதில் முலாம் பட்டறையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். இரும்பை பஃப் சக்கரத்தில் மெருகேற்றி, செம்பு, நிக்கல் தொட்டிகளில் இறக்கி, கடைசியாகக் குரோமிக் அமிலத் தொட்டியில் போட வேண்டும். அங்கே படியும் குரோம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. பளபளப்பு பெரும்பாலும் அடியிலுள்ள நிக்கலுடையது. குரோம் அதற்குக் காவல். அந்தத் தொட்டியிலிருந்து எழும் ஆவிதான் ஆளைத் தின்னும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். அதற்கு முன்பே மூக்கின் நடுச்சுவரைத் துளைத்துவிடும்.

“கூட இருந்த அண்ணனுக்கு மூக்குக்குள்ள ஓட்டையே வுழுந்துடுச்சு சார். அதைப் பாத்துட்டுதான் வெளிய வந்தேன்.”

ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேடு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நாடறிந்தது. பட்டறைத் தொழிலாளியின் மூக்கைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இப்போது அவர் செய்வது முலாம் அல்ல, பெயின்ட். லென்ஸைக் கழற்றிவிட்டு, வாட்டர் பேப்பரால் ஃபிரேமைத் தேய்க்கிறார். 400ஆம் நம்பரில் தொடங்கி 2000 வரை போகிறது. மூக்குத் தாங்கியின் வளைவிலும் கீலின் ஓரத்திலும் தாளைச் சுருட்டி, விரல் நுனியால் மட்டுமே தேய்க்க முடியும். அவருடைய ஆள்காட்டி விரலில் ரேகை மழுங்கிப்போயிருந்தது. பல ஃபிரேம்கள் செல்லுலோஸ் அசிட்டேட். அசிட்டோன் கலந்த தின்னர் பட்டால் மேற்பரப்பே இளகிவிடும். அதனால் முதல் பூச்சை மிக மெல்லியதாகத்தான் அடிக்கிறார்.

அதன்மேல் பளபளப்பான கறுப்பு. எனக்கு இது புதிதாக இருந்தது. வெள்ளி நிறம் வேண்டுமென்றால் வெள்ளைதானே அடிப்பார்கள்?

“கறுப்புல உங்க மூஞ்சி தெரியணும் சார். தெரியலைன்னா குரோமும் தெரியாது.”

குரோம் என்று அவர் சொல்வது, அலுமினியத்தின் நுண்ணிய செதில்கள் கலந்த மை. கறுப்பு வழவழப்பாக இருந்தால்தான் செதில்கள் படுத்துக்கொண்டு ஒளியைத் திருப்பும். ஒரு கீறல் இருந்தாலும் அந்த இடம் சாம்பலாகிவிடும். ஏர்பிரஷ்ஷைக் குறைந்த அழுத்தத்தில் வைத்து இரண்டு மூன்று முறை ஓட்டினார். சில நிமிடங்களில் ஃபிரேம் கண்ணாடியாக மாறியது. எல்லோரும் வியக்கும் இந்தக் கட்டத்தில்தான் வேலை மிகக் குறைவு.

பிறகு கிளியர் கோட். அவசரப்பட்டு அடித்தால் அதன் தின்னரே செதில்களைக் கலைத்துவிடும். அந்த கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைத் தரும். மாஸ்டர் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. அது தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. காற்றுக்குழாய் இணைத்த முகமூடி வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

எந்தக் காசில் வாங்குவார்? ஃபிரேம்களைக் கொடுத்தனுப்பும் கண்ணாடிக் கடைக்காரர் எண்ணிக் கொடுப்பது பளபளக்கும் ஃபிரேமுக்கு மட்டும்தான். பூச்சில் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால் கூலி கிடையாது, ஃபிரேமின் விலையும் பிடித்தம். நாள் முழுக்கத் தேய்த்த கைக்கு ஒன்றுமில்லை. அதே கடை, ‘கைவேலை’ என்று சீட்டு ஒட்டி, அவருக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்குக்கு விற்கிறது. அந்தப் பிடித்தத்தைத் தரக்கட்டுப்பாடு என்கிறார்கள். நட்டத்தையெல்லாம் தொழிலாளியின் தலையில் கட்டும் ஏற்பாடு என்பதே சரி. கழித்த ஃபிரேமுக்கும் தேய்ப்புக் கூலி தர வேண்டும், முகமூடியைக் கடையே வாங்கித் தர வேண்டும் என்று அந்தக் கடைக்காரரிடம் நேரில் சொன்னேன். வேறு ஆள் கிடைப்பான் என்றார்.

2000ஆம் நம்பர் வரை பொறுமையாகத் தேய்க்கிற ஆட்கள் புதுப்பேட்டையிலேயே மிகக் குறைவு என்கிறார் நண்பர்.