கூடா நட்பு யாருடையது?

நல்லாரைச் சேர்ந்திரு, தீயாரை விலகியிரு என்று கூறாத சமயம் இல்லை. வள்ளுவப் பெருந்தகையும் தீ நட்பு, கூடா நட்பு என இதற்கெனத் தனி அதிகாரங்கள் வகுத்தார். எனினும் அந்தத் தீயார் யார் என்று தேடப் புகுந்த ஒரு வேளையில் நாம் திகைத்து நின்றதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பு மாணவர் மூவர் அயல் வளவின் மதிலேறி மாங்காய் பறித்துப் பிடிபட்டனர். பசிக்காகப் பறித்தாரல்லர், பறித்தவற்றுட் பெரும்பகுதி ஒழுங்கையிலே சிதறிக் கிடந்தது. மறுநாள் மூவரின் அன்னையரும் தனித்தனியே வந்தனர். மூவரும் கூறியது ஒன்றே: “என்ர பிள்ளை நல்லவன், சேர், சேர்ந்த கூட்டந்தான் சரியில்லை.” அங்ஙனமாயின் கெட்டவன் யார்?

மூவருள் அமைதியானவனை அழைத்து வினவினோம். “தனிய எண்டால் போயிருக்க மாட்டன், சேர்” என்றான். சாட்டுச் சொல்கிறான் எனக் கருதி, அவனைத் தனி வாங்கிலே இருத்தினோம். அத்தவணை முழுவதும் அவன் எவருடனும் பேசக் கண்டிலோம். தீய நட்பை அறுத்துவிட்டோம் என்று நாம் நிறைவுற்றிருந்தோம்.

அக்காலத்திலேதான் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் புனித அகுஸ்தீனாரின் தன்வரலாற்று நூலை எமக்குப் படிக்கத் தந்தார். கி.பி. 354இல் வட ஆபிரிக்காவிலே பிறந்த அவர், பதினாறு வயதிலே தோழருடன் சேர்ந்து இரவில் பேரிக்காய் திருடியதை அதில் எழுதுகிறார். திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனராம். தனித்திருந்தால் அதனைச் செய்திருக்கவே மாட்டேன் என்று, பெரும் ஞானியாய், ஆயராய் விளங்கிய காலத்தில் அவர் அறிக்கையிடுகிறார். எம் மாணவன் கூறிய சொல் அதுவேயன்றோ! ஞானி கூறினால் உண்மை. சிறுவன் கூறினால் சாட்டா?

அந்நூலில் அவருடைய நண்பர் அலிப்பியுசும் வருகிறார். உரோமாபுரியிலே மனிதர் மனிதரைக் கொல்லும் களியாட்டத்துக்குத் தோழர் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். கண்ணை மூடிக்கொள்வேன் என்று தம் மனவுறுதியை நம்பிச் சென்றவர், கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தார், அக்காட்சியிலே மயங்கினார். பின்னர் பிறரையும் அங்கே அழைத்துச் செல்பவரானார். இழுக்கப்பட்டவரே இழுப்பவராயினர்! ஆயினும் 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீனார் மனம் திரும்பிய வேளையிலே அருகிலிருந்தவரும் அதே அலிப்பியுசே. மறுவருடம் இருவரும் ஒருங்கே திருமுழுக்குப் பெற்றனர்.

நட்பினால் வழுவியவர்கள் நட்புடனேயே கரையேறினர். நாமோ எம் மாணவனிடமிருந்து ஒரு துணையைப் பறித்தோமேயன்றி மற்றொரு துணையைக் கொடுத்தோமில்லை.

அடுத்த தவணை தொடங்கியதும் அவனை அழைத்து, “அன்று நீ சொன்னது உண்மை, தம்பி; நாம்தான் நம்பவில்லை” என்றோம். பொறுப்புள்ள மாணவன் ஒருவனின் அருகிலே அவனை இருத்தினோம். சில நாட்களில் அவ்வாங்கிலிருந்து மெல்லிய சிரிப்பொலி கேட்டது. பாடத்தின் நடுவேதான், எனினும் நாம் கண்டிக்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை யாருடன் சேர்கிறான் என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் கடன். அதனுடன் இன்னொன்றையும் கேளுங்கள்: அவனோடு சேரும் பிள்ளைக்கு அவன் எத்தகைய நண்பன்?