ஆனைமலைக்கு ஓர் ஆனை

பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. ஒரு முகபடாம் மட்டும் கட்டிவிட்டால் நேரே கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்! அத்தனை உயரம், அத்தனை அகலம், அத்தனை கறுப்பு.

"எப்படி இருக்கு?" என்று என் கணவர் என் காதோடு கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு பரவசம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வண்டியின் ஜாதகத்தைச் சொல்கிறேன். வயது 11. புதிதாக வாங்கியபோது விலை 70 லட்சம். இதுவரை ஓடியது 1,74,000 கிலோமீட்டர். டாக்டர் கேட்டது 14 லட்சம். 70 லட்ச ரூபாய்ச் சாமானை 14 லட்சத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், பெண்ணின் மேற்படிப்புக்கு ஒதுக்கியது போக எங்கள் கையில் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சபலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவர் பிறந்தது வால்பாறையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில். என் மாமியார் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். துரையின் ஜீப் வரும் சத்தம் கேட்டால் அம்மாவும் பிள்ளையும் சாலையோரச் சாக்கடைக்குள் இறங்கி நின்று வழி விடுவார்களாம். 'என்றைக்காவது ஒரு நாள் அம்மாவை அதே ரோட்டில் பெரிய வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டும்' என்பது ஐம்பது வருஷத்து ஆசை. அத்தைக்கு இப்போது 78 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

டாக்டர் நல்ல மனுஷர். "பேசிக்கொண்டே இருப்பானேன்? டீசல் போட்டுக்கொள்ளுங்கள். என் டிரைவரும் கூட வரட்டும். வால்பாறை வரையில் போய் வாருங்கள். மலை எல்லாவற்றையும் சொல்லிவிடும்" என்றார்.

இவர் பத்து நாளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். பதிவுப் புத்தகத்தில் கடன் பாக்கி குறித்திருக்கிறதா? இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் நம்பர் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவுக்கு ஆயுள் 15 வருஷம்; ஆகவே நாலே வருஷத்தில் புதுப்பிக்கும் வேலை வரும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்களையும் குனிந்து பார்த்தார். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் வருஷம். '2318' என்றிருந்தது. 2018-இல் 23-ஆவது வாரம் பிறந்த டயர்! பூ தேயவில்லை, ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது.

கடைசியாக பானெட்டின்மேல் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நோட்டில், 'எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும்' என்று அவரே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். ஆனாலும் அன்று அது அவர் கண்ணில் படவில்லை. ஆசை வந்தால் அடிக்கோடு தெரியுமா?

"இவ்வளவு உசரத்துலே நான் எப்படி ஏறுவேன்?" என்று அத்தை மலைத்து நின்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அமுக்கினார். 'புஸ்ஸ்' என்ற பெருமூச்சுடன் வண்டி மெள்ள மெள்ளத் தரையை நோக்கித் தாழ்ந்தது!

"அட, மண்டி போடுதே! ஆனையேதான்!" என்று அத்தை குழந்தை மாதிரி கைகொட்டினார். இவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நிமிஷமே வண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆழியாறு அணைக்கட்டு வரையில் சமதளம். சோதனைச் சாவடியைத் தாண்டி, குரங்கு அருவியின் இரைச்சலைக் கேட்டபடியே மேலே போனால் ஆரம்பிக்கிறது மலை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்! எங்கள் சின்னக் காராக இருந்தால் மூன்றாவது வளைவிலேயே முனக ஆரம்பித்துவிடும். இந்த ஆனையோ ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"1,74,000 ஓடியிருக்கேப்பா, எஞ்சின் தாங்குமா?" என்று நான் கேட்டேன்.

"கிலோமீட்டருக்குப் பயப்படாதீங்கம்மா" என்றார் டிரைவர். "டாக்டர் ஐயா மாசத்துக்கு மூணு தடவை மகள் வீட்டுக்குப் பெங்களூர் போவாங்க. எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம். டவுனுக்குள்ளே பிரேக்கை மிதிச்சு மிதிச்சு 60,000 ஓடின வண்டியைவிட இது தேவலை. காலா காலத்துலே ஆயில் மாத்தினாங்களான்னுதான் பார்க்கணும். ஓடி ஓடிக் கெட்ட வண்டி கொஞ்சந்தாம்மா. பார்க்காம விட்டுக் கெட்டதுதான் நிறைய." சர்வீஸ் ரசீதுகளை அவரே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். எஞ்சின் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யல்ல.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் தாம்பாளத்தில் வைத்த கண்ணாடி போலப் பளபளத்தது. பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள், 'இதென்ன பிரமாதம்!' என்பதுபோல எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தன. அட்டகட்டி தாண்டியதும் குளிர். கவர்க்கல் பக்கம் மூடுபனி. இந்த மலையில் தோட்டம் போட்ட முன்னோடியான கார்வர் மார்ஷ் துரையின் சிலையைப் பனிக்குள்ளேயே பார்த்தோம். பிறகு, சீவி வாரி விட்டாற்போல் பச்சைப் பசேலென்று தேயிலை. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ஒரு குடும்பமாக மரத்தில் பலாப்பழம் தின்றுகொண்டிருந்தன.

தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே சென்றோம். சாலை குறுகியது. எதிரே கொழுந்து மூட்டைகளைத் தலையில் சுமந்தபடி ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். எங்கள் வண்டியைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, சாக்கடைக்குள் இறங்கி நின்றார்கள்.

இவர் சட்டென்று, "நிறுத்துப்பா, எஞ்சினை அணைச்சிடு. அவங்க முதல்லே போகட்டும்" என்றார். அவர்கள் ஏறி வரத் தயங்கினார்கள். அத்தை கண்ணாடியை இறக்கிக் கையை அசைத்த பிறகுதான் நடந்தார்கள். அவர்கள் போய் வெகு நேரம் வரையில் இவர் ஒன்றும் பேசவில்லை.

அத்தை இருந்த லயன் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். பாஷை தெரியாவிட்டால் என்ன? அந்த வீட்டுப் பெண்ணின் விரலில் கொழுந்துக் கறையைப் பார்த்து, அத்தை தன் விரல்களையும் நீட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கறுப்புத் தேநீர் கிடைத்தது. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தால், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது! பின்பக்கத்து இடது சக்கரம் உள்ளுக்குள் புதைந்தாற்போல் இருந்தது. பஞ்சரா என்றால், இல்லை.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஸ்பிரிங்குக்குப் பதிலா இதுலே காத்துப் பைங்க, சார். ரப்பரு வெடிச்சிருக்கும் போல. கொஞ்சங் கொஞ்சமாக் காத்து இறங்குது. அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓட விட்டா தானா எழுந்துக்கும். தினமும் காலையிலே அப்படித்தான் செய்வேன்."

பானெட் ஏன் வெதுவெதுப்பாக இருந்தது என்பது இப்போது விளங்கிற்று. காற்று ஒழுக ஒழுக, அதை நிரப்பும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஒரு நாள் அதுவும் கருகிவிடும். அத்தையைக் குஷிப்படுத்திய மண்டியிடும் வித்தை இருக்கிறதே, அதற்குத்தான் வியாதி!

"இதிலே ஆச்சரியம் என்ன தம்பி?" என்றார் அத்தை. "துரை ஜீப்புக்கு ஃபாக்டரி பக்கத்திலே ஒரு ஷெட்டே இருந்துச்சு. நாலு ஆளு வேலை செய்வாங்க. ரெண்டு நாள் ஓடினா மூணாம் நாள் அங்கேதான் படுத்துக் கிடக்கும். சாக்கடையிலே நின்னு நாம பார்த்தது ஓடற நாளை மட்டுந்தான்."

இரண்டாவது கியரில் பதமாக இறக்கினார் டிரைவர். பொள்ளாச்சியில் டீசல் நிரப்பியபோது 18 லிட்டர் பிடித்தது. விஷயத்தைக் கேட்ட டாக்டர், "எனக்கே தெரியாது" என்று வருந்தி, அங்கேயே 2 லட்சம் குறைத்தார். மறுபடியும் சபலம்!

அன்றிரவு இவர் கோயமுத்தூர் மெக்கானிக்கிடம் போனில் விசாரித்துக் கணக்கெழுதினார். நாலு காற்றுப் பை, கம்ப்ரஸர்: 2,80,000. டயர்கள்: 1,20,000. கியர் பெட்டி ஆயில், பிரேக், சில்லறை: 40,000. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ்: 60,000. ஆக 5 லட்சம். 12 லட்ச வண்டி வீட்டுக்குள் வரும்போது 17 லட்சம்! அதற்கப்புறமும் வருஷா வருஷம் ஒன்றரை, இரண்டு லட்சம் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்றார் மெக்கானிக். வண்டியின் விலைதான் 70-இலிருந்து 14-க்கு இறங்கும். உதிரி பாகங்களின் விலை இறங்காது. அவை என்றைக்கும் 70 லட்ச வண்டியின் உதிரி பாகங்களே.

பழைய பெரிய வண்டியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்பகமான மெக்கானிக் பக்கத்தில் இருந்து, அது படுத்துக் கிடக்கும் நாளில் ஏறிப்போக வேறொரு வண்டியும் இருந்து, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு வைத்தியச் செலவுக்கென்று கையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கையில் இருப்பதையெல்லாம் துடைத்துக் கொடுத்து வாங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து. எங்களுக்குப் பின்னால் தோட்டத்து ஷெட் இல்லையே! அதற்கு மேல் பணம் வேண்டுமென்றால் பெண்ணின் படிப்புப் பணத்தில்தான் கை வைத்தாக வேண்டும்.

இவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அம்மாவை அந்த ரோட்டிலே கூட்டிக்கிட்டுப் போயாச்சு, இல்லையா?" என்று கேட்டார்.

"போயாச்சு" என்றேன்.

மறுநாள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டார். போன மாதம் மறுபடியும் வால்பாறை போனோம். எங்கள் சின்னக் காரில்தான். முனகிக்கொண்டே 40 வளைவும் ஏறிவிட்டது. லயன் வீட்டுப் பெண்ணுக்கு அத்தை ஒரு சேலை எடுத்து வந்திருந்தார். டிக்கியில் ஒரு முக்காலியும் வைத்திருந்தோம். வண்டி தாழ்ந்ததுதான் என்றாலும், ஏறவும் இறங்கவும் அத்தைக்கு அது சௌகரியமாக இருக்கிறதாம்!