பெரியவர் கொடுத்த தாள்

சம்புரு என்ற பெயரை எங்கள் சபையார் முதன்முதலாகக் கேட்டது ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு. நைரோபியில் வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அங்குள்ள சபையோடு வட கென்யாவில் மரலால் பக்கம் ஊழியப் பயணம் போய்வந்த படங்களைத் திரையில் காட்டினார். ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்துக்கொண்டு மழையும் புல்லும் இருக்கும் இடத்துக்கு நகரும் மக்கள். மாசாய்களுக்கு உறவுமுறை. பெண்கள் கழுத்தில் அடுக்கடுக்காக மணிமாலை. பிள்ளைகளுக்குப் பாட்டு, பொம்மலாட்டம், கொஞ்சம் மருந்து, கிளம்பும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு படம். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். சாயங்காலம் வாலிபர் கூட்டத்தில், கென்யாவுக்கு நம்மால் போக முடியாது, நம் பக்கத்தில் சம்புரு மாதிரி யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவன் நான்.

விடை அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர்கள் நிறைய. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கடைசி ஸ்டேஷன். ஒரு பக்கம் சிப்காட்: இரும்பு உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள், வாசலில் ஷிஃப்டுக்குக் காத்து நிற்கும் பீகார், ஒடிசாப் பையன்கள். மறுபக்கம் ஆரம்பாக்கம் தாண்டிப் பழவேற்காடு ஏரியை நோக்கிப் போனால் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து குடிசைகளாக இருளர் குடியிருப்புகள். அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். பெயர் வேண்டாம்.

அவர்களைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் எலி பிடிப்பார்கள், பாம்பு பிடிப்பார்கள் என்பதுதான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரம் நின்று, அதை நம்பியிருந்தவர்கள் ஒரே அடியில் பிழைப்பை இழந்தது தெரியாது. செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே சிலருக்கு விஷம் எடுக்கும் வேலையாவது தந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அரிசி ஆலை, செங்கல் சூளை, சவுக்கு வெட்டு, கரிமூட்டம்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் உட்கார்ந்தால், அந்தக் கடன் கழிவதே இல்லை. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்த மாவட்டத்து ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு குறித்திருக்கும் ஆறு இனங்களில் இருளரும் ஒன்று. இதையெல்லாம் நான் படித்தது பிற்பாடு. போகும்போது எங்களிடம் இருந்தது மஞ்சள் டி-ஷர்ட்டுகள், கிட்டார், ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கைப்பொம்மைகள்.

கத்திரி வெயில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்களும் பெண்களும் கழிமுகத் தண்ணீரில் இருந்தார்கள். வலை கிடையாது. மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி, விரலில் படும் இறாலைப் பிடித்து, பனையோலைப் பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் அப்படி இருந்துவிட்டுக் கரையேறிய ஒரு அம்மாவிடம் நான் போய் வணக்கம் சொன்னேன். தாடை பிடித்துக்கொண்டிருந்ததால் அவர் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் அதைப் படம் எடுத்தான்.

வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் பாட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். மாலையில் பெரியவர்களுக்கு ஜெபக்கூட்டம். அவர்களுக்குக் கன்னிமார்தான் சாமி. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். விருந்தாளி பேசும்போது எழுந்து போகக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எங்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "வேதத்துல சேந்துட்டா எஸ்.டி. சர்ட்டிபிகேட்டு குடுக்க மாட்டாங்களாமே சார், மெய்தானா?" என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பட்டியல் சாதியினருக்கான 1950-ஆம் ஆண்டு ஆணையில்தான் மதக் கட்டுப்பாடு இருக்கிறது, பழங்குடியினருக்கான ஆணையில் அப்படி இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய தம்பி மகள் பன்னிரண்டாவது எழுதியிருக்கிறாள். அந்தக் குடியிருப்பில் அதுவரை படித்தவள் அவள் ஒருத்திதான். நர்சிங் சேர வேண்டும் என்கிறாள். சாதிச் சான்றிதழ் இல்லை.

பழங்குடியினருக்கான சான்றிதழை வருவாய்க் கோட்ட அளவில்தான் தருவார்கள். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் அதற்குப் பொன்னேரி போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் என்று விசாரணை முடிந்து மேலே போகும். அப்பா, சித்தப்பா என்று ரத்த உறவில் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அது பெரிய ஆதாரம். இல்லையென்றால் நீ இருளர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்வியிலேயே மனு நின்றுபோகும். அந்த உறவுக் கூட்டத்திலேயே சான்றிதழ் வைத்திருந்தவர் இந்தப் பெரியவர் மட்டும்தான். எப்போதோ ஒரு நல்ல அதிகாரி முகாம் போட்டபோது கிடைத்தது. குடிசைக்குள் போய்க் கூரைச் செருகலிலிருந்து எடுத்து வந்தார். ஜவுளிக்கடைக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்கும் ரப்பர் பேண்ட்.

"எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார். ஒரிஜினலைக் காட்டினால் வேலை சீக்கிரம் ஆகும். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஜெபம் முடிந்த நேரம், எல்லார் முகத்திலும் நம்பிக்கை, எனக்குள்ளும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு உண்மையானது என்று இன்றும் சொல்வேன். பெரியவர் ஒரு நொடி தயங்கினார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். கவரை என் கையில் வைத்தார்.

நான் கணக்காளர். மற்றவர்களுடைய தாள்களைப் பத்திரமாக வைப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. சென்னை வந்ததும் வருமான வரிக் கணக்கு மும்முரம். வக்கீல் நண்பர் ஊரில் இல்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் தள்ளிப்போடுகிறேன் என்ற நினைவும் போய்விட்டது. அக்டோபரில் அறுப்பின் பண்டிகைக்குப் படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சபை வளாகத்தில் ஒட்டினோம். கைப்பொம்மையைப் பிடித்துச் சிரிக்கும் அந்தப் பெண்ணின் முகம் நடுவில் இருந்தது. கீழே அவளுக்காக ஜெபிக்கும்படி எழுதியிருந்தோம். பலர் நின்று பார்த்தார்கள். காணிக்கை நன்றாகச் சேர்ந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நானே இரண்டு பேருக்கு விளக்கம் சொன்னேன். கவர் நினைவுக்கு வரவில்லை.

மறு வருஷம் அதே மே மாதம் மறுபடி போனோம். வேன் நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்து போன வருஷப் பாட்டைப் பாடினார்கள், ஒரு வார்த்தை பிசகாமல். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பெரியவர் சவுக்கு நிழலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தாளு உங்காண்ட பத்ரமாதான சார் கீது?" என்றார்.

எந்தத் தாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தெரிந்தது. முதலில், வக்கீலைப் பார்க்கவில்லை என்பது. பிறகு, கவர் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். போன வருஷம் ஜூன் மாதம் சான்றிதழ் விசாரணைக்கு வந்தவர்களிடம், சென்னையில் ஒரு சார் வைத்திருக்கிறார், எடுத்து வந்துவிடுவார் என்று சொன்னாராம். எந்த சார், பெயர் என்ன, போன் நம்பர் என்ன என்று கேட்டார்களாம். "நம்பரு நீங்க குடுக்கலியே சார்" என்றார். அதுதான் உள்ளே இறங்கியது. அவர்கள் எல்லாருடைய முகமும் எங்களிடம் இருந்தது. எங்களில் ஒருவருடைய நம்பர்கூட அவர்களிடம் இல்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் வந்து, ரயிலில் வருகிற மஞ்சள் சட்டைக்காரர்கள் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் எங்கே என்று கேட்டேன். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாள், கான்ட்ராக்டில், காலை ஷிஃப்டு, வர மூன்று மணி ஆகும் என்றார். அவரிடம் இருந்த ஒரே தாள் இல்லாததால் இன்னொரு வீட்டுப் பையனுடைய மனுவும் அந்த வருஷம் நின்றுபோயிருந்தது. அதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

கவர் கிடைத்தது. கைப்பொம்மைகள் வைத்திருந்த அட்டைப்பெட்டியின் அடியில், போன வருஷ வருகைப் பதிவேட்டோடு கிடந்தது. பொம்மலாட்டம் தொடங்கப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்டியிட்டு ஒவ்வொரு பொம்மையாக வெளியே எடுத்துப் போட்டேன். ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது, முத்திரை அழியவில்லை. பெரியவர் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதே மடிப்பில் மடித்து, அதே ரப்பர் பேண்டைப் போட்டார். அன்று மாலைக் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தது. பேசவில்லை. வேறொருவர் பேசினார்.

மூன்றரை மணிக்கு அவள் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். பரவாயில்லை என்பது உண்மையல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஒரு பழைய புத்தகத்தில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் படித்தேன். நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பணம் திரட்டி ஆள் அனுப்பியதோடு நிற்காமல், 1909-இல் தாமே தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று, அந்தக் கிராமத்து ஜனங்களோடு இருந்து, 1945-இல் அங்கேயே இறந்தார். 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து அவர் பேசிய பேச்சு பிரசித்தம். பொருளையும் உயிரையும்கூடத் தந்துவிட்டீர்கள், நட்பைத் தரவில்லையே என்று கேட்டார். வெள்ளைக்காரர்களிடம் ஒரு தமிழர் கேட்ட கேள்வி என்று சிறுவயதில் பெருமையோடு கேட்டிருக்கிறேன். இந்த முறை படித்தபோது அந்த அரங்கில் நான் கேள்வி கேட்டவர் பக்கத்தில் இல்லை.

அதன்பிறகு டி-ஷர்ட் இல்லாமல், ஒரு சாதாரண வேலைநாளில், லீவு போட்டுக்கொண்டு பெரியவரோடும் அவர் தம்பியோடும் பொன்னேரிக்குப் போனேன். பிறகும் போனேன். எனக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. படிவத்தைப் படித்துச் சொல்வது, ஜெராக்ஸ் எடுப்பது, வராண்டாவில் கூட உட்கார்ந்திருப்பது. இவர்கள் தனியாகப் போனால் கேள்வி ஒரு விதமாகவும், பேனா செருகிய சட்டையோடு ஒருவன் கூட இருந்தால் வேறு விதமாகவும் வருகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் நான் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஒரிஜினலை ஒரு நாளும் என் கையில் வாங்கவில்லை. பெரியவர்தான் மேசையில் வைப்பார், பெரியவர்தான் எடுத்துக்கொள்வார்.

சான்றிதழ் வந்தபோது அவளுக்கு அந்த வருஷ அட்மிஷனும் முடிந்திருந்தது. வீட்டுக்கு அவள் சம்பளம் தேவையாகவும் ஆகிவிட்டது. அவள் தம்பி அதை ஆதாரமாக வைத்துத் தனக்கும் வாங்கி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். சேர்க்கும் நாளில் அவளும் வந்திருந்தாள். கிளம்பும்போது, "நம்பரு சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன். அடித்துவிட்டு அங்கேயே என்னைக் கூப்பிட்டாள். என் சட்டைப்பையில் மணி அடித்ததைக் கேட்ட பிறகுதான் கட் பண்ணினாள்.

இப்போது அந்த எண்ணிலிருந்து அவ்வப்போது அழைப்பு வரும். தம்பியின் ஸ்காலர்ஷிப் பணம் ஏறவில்லை, பெரியப்பாவுக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, இப்படி. போன மாதம் அவளுக்காகவே ஒன்று கேட்டாள். நர்சிங் சேர வயது வரம்பு உண்டா, இடையில் இத்தனை வருஷம் விட்டுப்போனால் எடுப்பார்களா என்று. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கேன்டீன் இடைவேளையில், அவளே கூப்பிட்டாள். "விசாரிச்சிட்டீங்களா சார்?"