ஹைஃபா பாட்டியிடம் படித்த இறந்தகாலம்

இஸ்ரேலுக்கு, ஹைஃபாவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த புதிதில், எனக்கு ஹீப்ருவில் நிகழ்காலம் மட்டும்தான் தெரியும். பாட்டியின் மகள் ஆபீஸிலிருந்து போன் செய்து, அம்மா சாப்பிட்டாரா என்று கேட்பார். "இமா ஒஹேலெத்" என்பேன். அம்மா சாப்பிடுகிறார் என்று அர்த்தம். மத்தியானம் 1 மணிக்கும் அதே பதில், 3 மணிக்கும் அதே பதில். ஒருநாள் அவர் பொறுக்க முடியாமல், "இரண்டு மணி நேரமாக அப்படி என்னதான் சாப்பிடுகிறார்?" என்று கேட்டுவிட்டார்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால், பாட்டிக்குச் சர்க்கரை நோய். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று சரியாகச் சொல்லத் தெரியாதவளிடம் அம்மாவை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? மார்த்தாண்டத்தில் கடன் வாங்கிவிட்டு விமானம் ஏறியவள் நான். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் பாட்டியே நோட்டும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். வயது 86. ருமேனியாவிலிருந்து 1950-ல் 11 வயதுச் சிறுமியாக வந்து, என்னைப் போலவே புதிதாக ஹீப்ரு கற்றவர். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடையில் பாடம் நடந்தது.

'அஹல்' என்றால் அவன் சாப்பிட்டான். அதுதான் அடிப்படை. அதன் கடைசியில் 'தி' சேர்த்தால் நான் சாப்பிட்டேன்: அஹல்தி. 'னு' சேர்த்தால் நாம் சாப்பிட்டோம்: அஹல்னு. அவள் என்றால் அஹ்லா, அவர்கள் என்றால் அஹ்லு. அட, நம் சாப்பிட்டேன், சாப்பிட்டோம் மாதிரியேதானே! 'நான்' என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாம். விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது.

'நீ'தான் படுத்தியெடுத்தது. ஆணைக் கேட்டால் 'அஹல்தா?', பெண்ணைக் கேட்டால் 'அஹல்த்?'. நம்மூர் மாதிரி மரியாதைக்கு 'நீங்கள்' கிடையாது. 86 வயதானாலும் 'நீ'தான். நான் பல நாள் பாட்டியிடம் "அஹல்தா?" என்றே கேட்டிருக்கிறேன். அவர் முகவாயைத் தடவி, "தாடி முளைத்திருக்கா பார்" என்பார்.

ஹாலில் தாத்தாவின் போட்டோ மாட்டியிருந்தது. ஒருநாள் அதைக் காட்டி, "ஹூ மோரே?" என்றேன். அவர் வாத்தியாரா என்று கேட்பதாக நினைப்பு. பாட்டி மெதுவாகத் திருத்தினார்: "ஹூ ஹயா மோரே." வாத்தியாராக இருந்தார். நிகழ்காலத்தில் நம்மைப் போலவே 'அவர் வாத்தியார்' என்றால் போதும். முடிந்துபோனதைச் சொல்லும்போதுதான் நடுவில் 'ஹயா' வந்து உட்கார்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குமேல் அன்று எதுவும் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஊரில் அப்பா தவறிவிட்டார். போக முடியவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தேன்.

அந்த வாரம் பாட்டியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சாதாரணமாகக் கேட்டார். நான் முதன்முதலில் மனப்பாடம் செய்த வாக்கியங்களில் ஒன்று அது: "அபா ஷெலி நஹாக்." என் அப்பா டிரைவர். வாய் தானாக ஆரம்பித்தது. "அபா ஷெலி..." என்றதும் நின்றுவிட்டேன்.

"அபா ஷெலி ஹயா நஹாக்" என்றேன்.

பிழையில்லாமல்தான் சொல்லியிருந்தேன். பாட்டி பாராட்டவில்லை. பக்கத்து வீட்டம்மா கிளம்பும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கதவு சாத்தியதும் கேட்டார்:

"அஹல்த்?"

சாப்பிட்டியா?

"லோ அஹல்தி" என்றேன். சாப்பிடவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார் பாட்டி. அன்றைக்கு அவர்தான் எனக்குத் தட்டு வைத்தார்.