அளவெடுக்காத இரவுகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இரவு 2.10க்கு விழிப்பு. வலது இடுப்பில் வெதுவெதுப்பு. தொட்டுப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. பிளேட்டின் கீழ் ஓரம் தோலை விட்டு எழும்பி, நைட்டி, போர்வை, மெத்தைமேல் விரித்த பழைய வேட்டி வரைக்கும் மோஷன் இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்தில் இது ஏழாவது முறை.

நேற்றுத்தான் மகளுக்குப் பள்ளி திறந்தது. பாப்பா எழுந்துவிடக் கூடாதென்று செல்போன் வெளிச்சத்திலேயே பாத்ரூம் போனேன். என் கணவர் பின்னாலேயே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியைச் சுருட்டி வாளியில் போட்டு அலசினார். தொட்டியில் தண்ணீர் அடிமட்டம். அந்த நேரத்தில் மோட்டார் போட்டால் கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனருக்குக் கேட்கும். இருந்த தண்ணீரில் முடித்தோம்.

மே 9 அன்று மலக்குடல் கட்டியை எடுத்தார்கள். குடலை இணைத்துத் தைத்த இடம் ஆறும்வரை, சிறுகுடலின் ஒரு வளைவை வலப்பக்க வயிற்றில் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்டோமா என்று பெயர். அதன் அளவுக்கு நடுவில் ஓட்டை வெட்டித் தோலில் ஒட்டுவது பிளேட்; அதோடு சேர்ந்த பையில் மோஷன் விழும். சில மாதம் கழித்து உள்ளே வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கட்டிக்குப் பயந்தேன், ஆபரேஷனுக்குப் பயந்தேன். அதெல்லாம் வந்து போகிற பயம். ராத்திரி எட்டு மணியானால் வருகிற இந்தப் பயம் மட்டும் போவதில்லை. தூங்கினால் ஒழுகும்.

ஜூன் 4, புதன்

மொட்டை மாடியில் கொடி நிறைய போர்வை. ஹவுஸ் ஓனர் அம்மா கேட்டார்: “தினமும் பெட்ஷீட் துவைக்கிறீங்களே, கைக்குழந்தை யாராவது வந்திருக்காங்களா?” சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். படியில் கால் நடுங்கியது.

மதியம் அக்கா முடிச்சூரிலிருந்து வந்தாள். பிளேட்டை எடுத்ததும் அவள் முகம் மாறியது. ஸ்டோமாவைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெந்துபோய், சில இடத்தில் ஈரம் கசிகிறது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் கலந்திருக்கும். சோற்றைக் கரைக்கிற அது தோலையும் அரிக்கும். அக்கா பதறிப்போய்த் தேங்காய் எண்ணெய் தடவினாள். சின்ன வயதில் சூடு பட்டாலும் அவள் தடவியது அதுதான். எரிச்சல் அடங்கியது. ஆனால் எண்ணெய்மேல் பிளேட் ஒட்டவில்லை; இரவு பதினொன்றுக்கே கழன்று வந்துவிட்டது. அக்கா அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 6, வெள்ளி

கணக்குப் பார்த்தேன். நான்கு நாளுக்கு ஒன்று போதும் என்றார்கள். பதினேழு நாளில் பதினொரு பிளேட் போயிருக்கிறது. ஒரு பிளேட்டின் விலை நான் ஒரு லைனிங் பிளவுஸ் தைத்து வாங்கும் கூலி. மெஷினில் உட்கார்ந்து மாதம் ஒன்றாகப் போகிறது. தாம்பரத்தில் மூன்று மருந்துக் கடையில் இல்லையென்று அவர் குரோம்பேட்டை சர்ஜிகல் கடை வரை போய் வந்தார்.

ஜூன் 7, சனி

படுக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு முதல் மின்சார ரயிலின் ஹாரன் கேட்கும். கேட்டது. உட்கார்ந்தே இருந்தும் ஒழுகியது. நான் புரண்டு படுப்பதால்தான் ஒழுகுகிறது என்று இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அது இல்லை.

ஜூன் 9, திங்கள்

பழைய நோயாளி ஒருவர் சொல்லி, ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டரைப் பார்க்கப் போனோம். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் பையைக் காலி செய்துவிட்டு, வழி முழுக்கக் கையை வயிற்றின் மேலேயே வைத்திருந்தேன்.

சிஸ்டர் வேறெதுவும் கேட்கும் முன் இதைக் கேட்டார்: “ஓட்டை எவ்வளவு வெட்டுறீங்க?”

“முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் சிஸ்டர். டிஸ்சார்ஜ் அன்னைக்கு எழுதிக் குடுத்தாங்க.”

“அதுக்கப்புறம் அளந்தீங்களா?”

அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வட்டமாக ஓட்டை போட்ட அட்டையை வைத்துப் பார்த்தார். 28. ஆபரேஷன் ஆனதும் ஸ்டோமா வீங்கியிருக்குமாம். ஆறிலிருந்து எட்டு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குமாம். நான் பழைய அளவுக்கே வெட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் திறந்து கிடந்த தோலில் மோஷன் தேங்கி, அதை வேகவைத்து, வெந்த ஈரத்தில் பசை பிடிக்காமல் பிளேட் கழன்றிருக்கிறது.

இருபத்தைந்து வருடமாகத் தையல்காரி. பிள்ளை பெற்று வந்தவளுக்குப் பழைய அளவு ஜாக்கெட்டை வைத்து ஒருநாளும் துணி வெட்டியதில்லை. என் வயிற்றுக்கு மட்டும் டேப் எடுக்கத் தோன்றவில்லை. ஒழுகியது என் அசுத்தமோ அசிரத்தையோ அல்ல, ஏழு மில்லிமீட்டர் என்று தெரிந்தபோது அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

சிஸ்டர் செய்து காட்டினார். வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும். எண்ணெய், டால்கம் பவுடர், க்ரீம் கலந்த சோப்பு எதுவும் ஆகாது. ஒற்றி உலரவிட வேண்டும். வெந்த இடத்தில் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். ஓட்டை ஸ்டோமாவைவிட 2 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். ஒட்டும் முன் பிளேட்டைக் கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்க வேண்டும். ஒட்டிய பிறகும் சில நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கதை சொன்னார். டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்று ஒரு நர்ஸ். தங்கை தோராவுக்கும் ஸ்டோமா ஆபரேஷன். வெளியே போனால் ஒழுகிவிடுமோ என்று தோரா வீட்டைவிட்டே வரவில்லை. அவளுக்காக 1954இல் எலிஸ் யோசித்ததுதான் தோலில் ஒட்டுகிற இந்தப் பை. அதற்குக் கொஞ்சம் முன்பு, அமெரிக்காவில் டர்ன்புல் என்ற டாக்டர் வெந்த தோலைக் காக்க எடுத்தது கராயா பிசின். நம் நாட்டுக் காட்டு மரத்தில் வடிவது. ஆந்திர மலைகளில் பழங்குடியினர் சேகரிப்பது.

ரயிலில் திரும்பும்போது அதே நினைப்பு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியதும் 1954இல்தான். அவருடைய தங்கை இறந்ததும் மலக்குடல் புற்றுநோயில். இரண்டு தங்கைகள். நானும் ஒருத்தியின் தங்கை.

ஜூன் 11, புதன்

நேற்றுக் காலை காபி குடிக்கும் முன்பே மாற்றினேன். வெறும் வயிற்றில் ஸ்டோமா அதிகம் வடியாது. பால் கவர் பிளாஸ்டிக்கில் மாதிரி வெட்டிக்கொண்டேன். ஸ்டோமா சரியான வட்டமில்லை, நீள்வட்டம். நூல் வெட்டும் கத்தரியால் 30க்கு வெட்டி, ஓரத்தை விரலால் நீவினேன். என் தொழில் கை, நடுங்கவில்லை.

இருந்தும் இரவு நான்கு மணிக்குக் கொஞ்சம் கசிந்தது. காற்றும் மோஷனும் சேர்ந்து பை பலூனாக உப்பியிருந்தது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டது வேலையைக் காட்டியிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

நேற்று மாலை ஆறரைக்கே குழைந்த சாதம், தயிர், ஒரு வாழைப்பழம்; இவை மோஷனைக் கெட்டியாக்கும். படுக்கும் முன் காலி செய்தேன். ஒரு மணிக்கு அலாரம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே காலி செய்துவிட வேண்டும். படுக்கும்போது பையைத் தொடைப் பக்கம் தொங்கவிடாமல் பக்கவாட்டில் சரித்துவைத்தால் உள்ளிருப்பது பிளேட் பக்கம் தேங்காமல் பையின் அடிக்கு இறங்குகிறது.

ஒரு நாளில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்கச் சொன்னார் சிஸ்டர். 900 மில்லி. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும், உடம்பில் உப்பும் நீரும் வற்றிவிடும். ஒழுகும் என்ற பயத்தில் தண்ணீரைக் குறைத்திருந்தேன். அது தப்பு. பகலில் ஓ.ஆர்.எஸ். குடிக்கிறேன்.

விழித்தபோது மணி ஐந்தேகால். போர்வை காய்ந்திருந்தது. அவரை எழுப்பிச் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

நான்காவது உலர்ந்த இரவு. ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் மாடியில் நானே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மோட்டாருக்கா யோசிச்ச? எந்நேரம்னாலும் போடு” என்றார். அக்காவுக்கும் போன் செய்தேன். எண்ணெயை மட்டும் இனி எடுத்து வராதே என்றேன்.

ஜூன் 19, வியாழன்

சிஸ்டர் மாதிரிப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. சரி, ஒரு அட்டையாவது கொடுக்கலாமே? ஓட்டை போட்ட அளவு அட்டை, பின்னால் ஒரே வரி: “எட்டு வாரம் வரை, வாரம் ஒருமுறை அளந்து வெட்டவும்.” அச்சடிக்க என்ன செலவாகும்? டிஸ்சார்ஜ் செய்யும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் என் வேண்டுகோள் இது. எனக்கு அது இருந்திருந்தால் பதினொரு பிளேட்டும் தூங்காத அத்தனை இரவும் போயிருக்காது. இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருபத்தொரு வகைக் குறைபாடு பட்டியலில் இருக்கிறது. பை கட்டியவர்கள் அதில் இல்லை. காலம் முழுக்கப் பையோடு இருக்கப் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமும் வேண்டும்.

இன்று காலை அளந்தேன். 26. மாதிரியைப் புதிதாக வெட்டி, தேதி எழுதி, மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன்.